வீட்டுல கட்டின காருக்கு ரோடு எங்க?

இந்த வாரம் ஒரு மலைப்பாதையில ஆரம்பிக்கறேன்.

கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்துல இருந்து மேல ஏறினா 70 கொண்டை ஊசி வளைவு. நம்ம ஊர் பைக் கூட்டத்துக்கு இது ஒரு நேர்த்திக்கடன் மாதிரி. "70 வளைவும் ஏறியாச்சு"னு ஒரு ரீல் போட்டாதான் மனசு ஆறும்.

அந்த 70 வளைவை வச்சு ஒரு கேள்வி கேக்கறேன். கடையில வாங்கின கார் இல்லாம, நீங்களே வீட்டுப் பின்னாடி பட்டறை போட்டு, பைப்பை வளைச்சு, வெல்டிங் அடிச்சு, பழைய எஞ்சினைக் கழுவி மாட்டிக் கட்டின கார் ஒண்ணு உங்ககிட்ட இருக்குன்னு வச்சுக்குவோம். அது இந்த மலை ஏறுமா?

ஏறும். அதுக்கு என்னென்ன வேணும்னு ஒரு நல்ல மெக்கானிக் விரல் விட்டுச் சொல்லிடுவார். முதல் கியர்ல நல்ல இழுவை வேணும். ஸ்டியரிங் நல்லா ஒடியணும், இல்லைன்னா ஒவ்வொரு வளைவுலயும் ரிவர்ஸ் எடுக்கணும். மெதுவா ஏறும்போது எஞ்சினுக்குக் காத்து பத்தாது, அதனால ரேடியேட்டர் பெரிசா இருக்கணும். இறங்கும்போது பிரேக் சூடேறி பிடிக்காம போகக் கூடாது. இது எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் இல்ல. கோயம்புத்தூர்லயோ சேலத்துலயோ லேத்து வச்சிருக்கற ஒருத்தர், நேரமும் காசும் இருந்தா செஞ்சிடுவார்.

ஆனா அந்தக் காரை நீங்க காரவள்ளி வரைக்கும் கொண்டுவரவே முடியாது. நம்பர் பிளேட் கிடைக்காது. சட்டப்படி அது ஒரு வண்டியே இல்ல.

இந்த எபிசோட் அதைப் பத்தித்தான். காரைக் கட்டற திறமை நம்ம ஊர்ல எப்பவும் இருந்திருக்கு. கட்டின காருக்கு ஓட ஒரு இடம் கிடைச்சுதாங்கறதுதான் இந்தக் கதை முழுக்க வர்ற கேள்வி.

அடிவாரத்துல ஓடற அம்மண வண்டி

மலையை விட்டு இறங்கி நாமக்கல் பக்கம் வாங்க. முட்டைக்கும் கோழிக்கும் பேர் போன ஊர். அதே அளவுக்கு லாரிக்கும் பேர் போன ஊர். லாரிக்கு பாடி கட்டற பட்டறைகள் இங்க வரிசையா இருக்கும். பக்கத்துல திருச்செங்கோடு போர்வெல் வண்டிகளுக்கு, கரூர் பஸ் பாடிக்கு. தென்னிந்தியாவுல ஓடற எத்தனையோ கனரக வண்டிகளுக்கு உடம்பு கொடுத்தது இந்த மூணு ஊரும்தான்.

நெடுஞ்சாலையில நீங்களும் பார்த்திருப்பீங்க. ரெண்டு நீள இரும்பு, அதுக்கு மேல எஞ்சின், கீழ சக்கரம், அவ்வளவுதான். கதவு கிடையாது, கூரை கிடையாது, முன் கண்ணாடி கூட கிடையாது. தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கிட்டு ஒரு டிரைவர் வெயில்லயும் மழையிலயும் அதை ஓட்டிட்டுப் போவார். தொழிற்சாலையில இருந்து பாடி கட்டற பட்டறைக்குப் போற சேஸ் அது.

1940கள்ல கலிஃபோர்னியாவுல இருந்த ஒரு பையன் இதைப் பார்த்திருந்தா ஒரே வார்த்தைதான் சொல்லியிருப்பான்: ஹாட் ராட்.

பட்டறைக்கு வந்த சேஸுக்கு டிங்கர், வெல்டர், தச்சர், எலக்ட்ரீஷியன், பெயின்டர்னு ஆளாளுக்குக் கை வைப்பாங்க. லாரி எந்த ஊர் ரோட்டுல, என்ன சரக்கோட ஓடப்போகுதுங்கறதைப் பொறுத்து பாடியோட உயரம், கதவு, பலகை எல்லாம் மாறும். ஓனரோட குலதெய்வம் பேர், பிள்ளைங்க பேர் நெத்தியில ஏறும். ஒரு வண்டி மாதிரி இன்னொரு வண்டி இருக்காது.

இதெல்லாம் சட்டப்படி நடக்குது. 1988ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்துல முதல்ல இருந்த 43வது பிரிவு, தற்காலிகப் பதிவைப் பத்திப் பேசும்போது, பாடி கட்டறதுக்காகப் பட்டறையில நிக்கற சேஸுக்குக் கூடுதல் காலம் கொடுக்கலாம்னு சொல்லியிருந்துச்சு. அதாவது, கம்பெனி பாதி செய்யும், மீதியைப் பட்டறை செய்யும்னு சட்டத்துக்கே தெரியும். லாரிக்கும் பஸ்ஸுக்கும் அந்த வழி திறந்திருக்கு. சொந்தமா ஒரு காரைக் கட்டணும்னு நினைக்கறவனுக்கு அந்த வழி இல்ல. இது எப்படி ஆச்சுன்னு புரியணும்னா முதல்ல ஹாட் ராட்னா என்னன்னு பார்த்துடுவோம்.

ஏரிப் படுகையில பிறந்த பழக்கம்

ஹாட் ராட்ங்கறது ஒரு கம்பெனி மாடல் கிடையாது. பழைய, மலிவான காரை எடுத்து, தேவையில்லாததைக் கழட்டிப் போட்டு, எஞ்சினைத் தேத்தி வேகமாக்கறது. மட்கார்டு கழட்டறது, பானெட்டைக் கழட்டறது, ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்துல ரெண்டு மூணு மாட்டறது, வண்டியைத் தாழ இறக்கறது.

ஃபோர்டு மாடல் டி கார் 1908ல இருந்து 1927 வரைக்கும் ஒன்றரைக் கோடி விற்றுச்சு. அப்புறம் மாடல் ஏ. அப்புறம் 1932ல ஃபோர்டு ஒரு வேலை பண்ணுச்சு. எட்டு சிலிண்டர், 3.6 லிட்டர், 65 குதிரைத்திறன் வி-8 எஞ்சினை சாதாரண ஜனங்க வாங்கற காருக்குள்ள வச்சுச்சு. கொஞ்ச வருஷத்துல அந்த எஞ்சின்கள் காயலான் கடைக்கு வர ஆரம்பிச்சுச்சு. இளந்தாரிப் பசங்க கைக்கு எட்டற விலையில, பழைய மாடல் ஏ உடம்பும், வி-8 எஞ்சினும் கிடைச்சுது. ரெண்டையும் சேர்த்தா ஹாட் ராட்.

ஓட்ட இடம்? கலிஃபோர்னியாவுல பாலைவனத்துல தண்ணி வத்தின பெரிய ஏரிப் படுகைகள் உண்டு. மியூராக், எல் மிராஜ். தளம் மாதிரி மட்டமா, மைல் கணக்குல நீளும். 1930கள்லயே பசங்க அங்க போய் வேகம் பார்த்தாங்க. 1937ல தெற்கு கலிஃபோர்னியா நேரக்கணக்குச் சங்கம்னு ஒரு அமைப்பே வந்துச்சு. பிறகு ராணுவம் மியூராக்கை எடுத்துக்கிச்சு. இன்னிக்கு எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம் அங்கதான் இருக்கு.

போர் முடிஞ்சு ஊர் திரும்பின பல இளைஞர்களுக்கு எஞ்சின் வேலை கைவந்திருந்துச்சு. தெருவுலயே ரேஸ் விட ஆரம்பிச்சாங்க. விபத்து, போலீஸ், பத்திரிகையில வசவு. "இந்த ஹாட் ராட் பசங்களைப் பிடிச்சு உள்ள போடு"ங்கற சத்தம் பெரிசாச்சு. 1948 ஜனவரியில 'ஹாட் ராட்' பத்திரிகை ஆரம்பிச்சுது. அதோட ஆசிரியரா இருந்த வாலி பார்க்ஸ் 1951ல தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். அவர் சொன்னது எளிமையானது: தெருவை விட்டு வாங்க, ஒரு பாதை போட்டுத் தர்றோம், விதியோட ஓட்டுங்க. அதுக்கு முந்தின வருஷமே சாண்டா ஆனா விமான நிலைய ஓடுபாதையில ரேஸ் தொடங்கிடுச்சு. 1953 ஏப்ரல்ல, பொமோனாங்கற ஊர்ல, அந்தச் சங்கத்தோட முதல் அதிகாரப்பூர்வப் போட்டி நடந்துச்சு.

1953. இந்த வருஷத்தை ஞாபகம் வச்சுக்குங்க.

அதே வருஷம், நம்ம மெட்ராஸ்

அதே 1953ல மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆரம்பிச்சுது. ரேஸ் விட இடம் தேடினப்போ, மெட்ராஸுக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி சோழவரத்துல ரெண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுபாதை ஒண்ணு கிடைச்சுது. அங்க ஓட்ட ஆரம்பிச்சாங்க. அங்கயும் ஓடுபாதை, இங்கயும் ஓடுபாதை. அங்கயும் கார்ப் பைத்தியங்கள், இங்கயும் கார்ப் பைத்தியங்கள்.

ஒண்ணுதான் இல்ல. காயலான் கடையில பழைய காருங்க குவிஞ்சு கிடக்கல.

ஹாட் ராட்டுக்கு அடிப்படையே வீணா கிடக்கற காருங்க. ஒரு காரை அறுத்துப் பார்க்கணும்னா, அது கெட்டுப் போனாலும் பரவால்லன்னு தோணணும். நம்ம நாட்டுல அப்போ நிலைமை நேர் எதிர். 1953ல டாரிஃப் கமிஷன், உள்நாட்டுலயே படிப்படியா உற்பத்தி செய்யற திட்டம் இருக்கற கம்பெனிகளை மட்டும் அனுமதிக்கணும்னு பரிந்துரை பண்ணுச்சு. இங்க பாகங்களைக் கொண்டுவந்து கார் பூட்டிக்கிட்டு இருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிடுச்சு. மிச்சம் இருந்தது கல்கத்தா பக்கத்துல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில பிரீமியர், மெட்ராஸ்ல ஸ்டாண்டர்ட். அம்பாசிடர், ஃபியட், ஹெரால்ட். புதுக் காருக்குப் பணம் கட்டி வருஷக்கணக்குல காத்திருந்த காலம் அது. அப்படி வந்த காரை எவன் அறுப்பான்? தாத்தா வாங்கினதை அப்பா ஓட்டி, மாமா ஓட்டி, கடைசியில டாக்ஸிக்குப் போகும். ஒவ்வொரு பாகமும் திரும்பத் திரும்பச் சரி பண்ணி மாட்டப்படும்.

அதனால நம்ம மெக்கானிக்குக்கு வேற மாதிரி ஒரு திறமை வளர்ந்துச்சு. கிடைக்காத பாகத்தைத் தானே செய்யறது. கடைசல் பிடிச்சு, வார்ப்பு ஊத்தி, ஒரு வண்டியோட சாமானை இன்னொரு வண்டிக்குப் பொருத்தறது. சென்னை புதுப்பேட்டைக்கு ஒரு தடவை போனவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

ரெண்டாயிரம் ரூபாய் கார்

இந்தத் திறமை ரொம்ப ஆழமா வேர் விட்ட ஊர் கோயம்புத்தூர். காரணம் கரண்ட். 1932ல பைக்காரா நீர்மின் திட்டம் ஓட ஆரம்பிச்சதும் மில்லுங்க பெருகுச்சு. மில்லுக்கு ரிப்பேர் வேணும், பாகம் வேணும். அதுக்கு ஃபவுண்டரி வந்துச்சு, லேத்துப் பட்டறை வந்துச்சு. கிணத்துக்கு மோட்டார் பம்ப் வந்துச்சு. வீட்டுப் பின்கட்டுல ஒரு லேத்து ஓடறது அந்த ஊர்ல அதிசயமே இல்ல.

அந்த ஊரோட நாயகன் ஜி.டி. நாயுடு. 1893ல கலங்கல் கிராமத்துல பிறந்தவர். பள்ளிப் படிப்பு அவருக்கு ஒட்டவே இல்ல. இளவயசுல ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிட்டு வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கிட்டார். கோயம்புத்தூர்ல ஒரு ஹோட்டல்ல வேலை பார்த்துக் காசு சேர்த்து அந்த வண்டியையே வாங்கினார். வாங்கி என்ன பண்ணினார்? முழுசாப் பிரிச்சுப் போட்டு, திரும்பப் பூட்டினார். அவரோட இன்ஜினீயரிங் படிப்பு அதுதான்.

1920ல ஒரு பஸ் வாங்கி பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல தானே ஓட்டினார். அது யு.எம்.எஸ். பஸ் கம்பெனியா வளர்ந்துச்சு. 1937ல பாலசுந்தரம் நாயுடுவோட சேர்ந்து இந்தியாவுலயே செஞ்ச மின்மோட்டாரைக் கொண்டுவந்தார். 1945ல கோயம்புத்தூர்ல ஆர்தர் ஹோப் பேர்ல தொடங்கின பொறியியல் கல்லூரிக்குப் பின்னால இருந்தவரும் அவர்தான். இன்னிக்கு அது அரசு தொழில்நுட்பக் கல்லூரி. நாலு வருஷம் எதுக்கு, கையில வேலை கொடுத்தா ரெண்டு வருஷத்துல கத்துக்கலாமேங்கறது அவர் கட்சி.

1952ல அவர் ரெண்டு பேர் உக்கார்ற ஒரு சின்ன பெட்ரோல் காரைக் கொண்டுவந்தார். விலை 2,000 ரூபாய்னு கணக்கு. நம்ம ஊர் பட்டறைத் திறமை ஒரு காரா உருவெடுத்து வந்து நின்ன நேரம் அது. ஆனா அது ரோட்டுக்கு வரல. 1951 தொழில்கள் சட்டம் வந்து, எதை யார் எவ்வளவு செய்யலாம்ங்கறதை டெல்லி முடிவு பண்ண ஆரம்பிச்ச காலம். நாயுடுவோட காருக்கு உரிமம் கிடைக்கல. உற்பத்தி நின்னு போச்சு.

இந்த இடத்துல "ஐயோ, அரசாங்கம் ஒரு மேதையைக் கெடுத்துடுச்சு"ன்னு சொல்லி முடிச்சுடலாம். நிறைய வாட்ஸ்அப் ஃபார்வர்டுங்க அப்படித்தான் முடியும். எனக்கு அது மட்டும் போதல. அரசாங்கத்துக்கும் ஒரு கணக்கு இருந்துச்சு. அந்நியச் செலாவணி கம்மி, இரும்பு கம்மி, கார் பணக்காரன் சாமான்ங்கற எண்ணம். அந்தக் கணக்குல சின்னப் பட்டறைக்காரனுக்கு ஒரு கட்டமே போடல. கார் செய்யணும்னா பெரிய கம்பெனியா இரு, இல்லைன்னா செய்யாதே. நடுவுல எதுவும் கிடையாது. கலிஃபோர்னியாப் பையனுக்கு அந்த நடு இடம் இருந்துச்சு. நாயுடு அளவுக்குப் பேரும் பணமும் இருந்தவருக்கே இங்க அது இல்ல.

சோழவரம்

ஆனா ஓடுபாதையில உரிமம் தேவையில்ல. வண்டியைப் பொது இடத்துல ஓட்டறதுக்குத்தான் சட்டம் பதிவு கேக்கும். ஒரு மூடின பாதைக்குள்ள நீங்க எதை வேணும்னாலும் கொண்டு வரலாம், ரேஸ் விதிக்குள்ள இருந்தா போதும். அதனால வீட்டுல கட்டின காருக்கு நம்ம ஊர்ல கிடைச்ச முதல் ரோடு சோழவரம்.

அங்க வந்த பல வண்டிங்களை 'ஸ்பெஷல்'னு கூப்பிடுவாங்க. அதாவது கடையில கிடைக்காத, ஒருத்தர் தனக்காகக் கட்டின ரேஸ் வண்டி. ஃபியட், ஹெரால்ட் மாதிரி இங்க கிடைச்ச காரோட எஞ்சினை எடுத்து, மேல இருந்த கனத்தையெல்லாம் தூக்கிப் போட்டு, தாழ்வா ஒரு சட்டம் கட்டி அதுக்குள்ள உக்காந்து ஓட்டறது. கலிஃபோர்னியாக்காரன் செஞ்ச அதே வேலை. அவனை மாதிரி அறுக்கறதுக்கு நூறு கார் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம். பெருங்கூட்டம் கூடும். மெட்ராஸ்ல ஒரு தலைமுறைக்கு சோழவரம் ரேஸ்ங்கறது பொங்கல், தீபாவளி மாதிரி வருஷா வருஷம் வர்ற விசேஷம்.

கனத்தை ஏன் குறைக்கணும்? சின்னக் கணக்கு. 40 குதிரைத்திறன் எஞ்சின், வண்டி 800 கிலோன்னா, ஒரு குதிரை 20 கிலோ இழுக்கணும். அதே எஞ்சினை 400 கிலோ வண்டியில மாட்டினா ஒரு குதிரைக்கு 10 கிலோதான். எஞ்சின்ல ஒரு ரூபாய் செலவு பண்ணாம பலம் ரெண்டு மடங்கு ஆன மாதிரி. காசு இல்லாதவனுக்கு இதுதான் முதல் பாடம்.

காசு இருந்தவங்க வேற வழியில போனாங்க. குஜராத்ல இருந்து கோண்டல் மகாராஜா வெளிநாட்டு சர்ட்டீஸ் ரேஸ் காரோட வந்தார். 1980களின் தொடக்கத்துல விஜய் மல்லையா பழைய என்சைன் ஃபார்முலா ஒன் காரை இறக்கி ஓட்டினார். அந்த வண்டி கண்ணு முன்னாடி பறக்கறதைப் பார்க்க ஜனங்களுக்குக் குஷி. ஆனா போட்டின்னு பார்த்தா? ஒருத்தர்கிட்ட ஃபார்முலா ஒன் கார், பக்கத்துல ஒருத்தர்கிட்ட வீட்டுல கட்டின ஸ்பெஷல். யார் நல்லா ஓட்டினாங்கன்னு எப்படித் தெரியும்?

ஸ்பெஷல்கள்லயும் இதே பிரச்சினை இருந்துச்சு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதம். கட்டினவருக்கு மட்டும்தான் அந்த வண்டியோட குணம் தெரியும். அவர் விட்டுட்டா வண்டியும் ஷெட்டுல துரு ஏறிடும். கட்டற அறிவு ஒரு ஆளோட நின்னுடும்.

கரி

இந்த முடிச்சை அவிழ்த்தவர் கோயம்புத்தூர்க்காரர் எஸ். கரிவரதன். ரேஸ் உலகத்துல எல்லாரும் 'கரி'ன்னுதான் சொல்வாங்க. 1954ல பிறந்தவர், துணி மில் குடும்பம், தானும் ரேஸ் ஓட்டினவர். பட்டறையும் இருந்துச்சு, வசதியும் இருந்துச்சு. நினைச்சிருந்தா தனக்குன்னு ஒரு பிரமாதமான கார் கட்டிக்கிட்டு ஜெயிச்சுட்டுப் போயிருக்கலாம்.

அதுக்கு நடுவுல நாட்டுல ஒரு மாற்றம் வந்துச்சு. 1983 டிசம்பர்ல மாருதி 800. மூணு சிலிண்டர், 796 சிசி, எடை கம்மியான எஞ்சின். முக்கியமா, ஆயிரக்கணக்குல ஒரே மாதிரி எஞ்சின். எந்த ஊர்லயும் சாமான் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். கலிஃபோர்னியாவுக்கு 1932 வி-8 என்னவோ, நமக்கு அது மாருதி 800. நாயுடுவோட சின்னக் கார் வந்து 31 வருஷம் கழிச்சு.

1980களின் கடைசியில கரி அந்த எஞ்சினை வச்சு ஒரு ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டினார். காருக்குள்ள முன்னாடி இருந்த எஞ்சின், இங்க ஓட்டறவர் முதுகுக்குப் பின்னாடி போச்சு. இரும்புக் குழாய்ச் சட்டம், மேல லேசான உடம்பு, வெளியே நாலு சக்கரம். பேர்: ஃபார்முலா இந்தியா சிங்கிள் சீட்டர் மாருதி எஞ்சின். வாய்க்கு வசதியா ஃபார்முலா மாருதி.

கரி அந்தக் காரை ஒண்ணோட நிறுத்தல. ஒரே மாதிரி பல கார் கட்டினார், மத்தவங்க ஓட்டறதுக்கு. எல்லாருக்கும் ஒரே எஞ்சின், ஒரே சட்டம். யாரோட அப்பாகிட்ட எவ்வளவு பணம்ங்கறது ஓரளவுக்குப் பின்னாடி போச்சு, யார் காலும் கையும் கெட்டிங்கறது முன்னாடி வந்துச்சு. கார் உடைஞ்சா சாமான் பக்கத்துக் கடையில. நம்ம ஊர்ல வீட்டுல கட்டின கார் முதல் தடவையா ஒரு ஆளோட சொத்தா இல்லாம ஒரு பள்ளிக்கூடமா மாறுச்சு.

அதே சமயத்துல பாதையும் மாறுச்சு. 1990ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில, ரேஸுக்குன்னே போட்ட தடம் திறந்தாங்க. சோழவரம் ஓடுபாதையோட காலம் முடிஞ்சுது. அந்தப் புதுத் தடத்துல ஃபார்முலா மாருதி ஓட்டித்தான் ஒரு கோயம்புத்தூர்ப் பையன் தன்னோட முதல் ரேஸைத் தொடங்கினான். நரேன் கார்த்திகேயன். 2005ல ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்ல இறங்கின முதல் இந்தியர். அந்த வருஷம் அமெரிக்காவுல டயர் பிரச்சினையால ஆறே ஆறு கார் ஓடின ரேஸ்ல நாலாவதா வந்து 5 புள்ளி எடுத்தார்.

கரி அதைப் பார்க்கல. 1995 ஆகஸ்ட்ல ஒரு சின்ன விமான விபத்துல இறந்துட்டார்.

இங்க ஒண்ணு சொல்லாம போனா சரியா இருக்காது. நாயுடுகிட்ட பஸ் கம்பெனி இருந்துச்சு, கரிக்கு மில் குடும்பம் இருந்துச்சு. ரேஸ் கார்ங்கறது மலிவானாலும் ஏழைக்கு மலிவு இல்ல. அந்தச் சட்டத்தை வெல்டிங் பண்ணின கை, அந்த பேட்டர்னைச் செதுக்கின கை, அதுங்க பேர் எந்தக் கோப்பையிலயும் இல்ல. நாமக்கல் பட்டறையில லாரி முழுக்க ஓனர் பேர் இருக்கும், பாடி கட்டின கம்பெனி பேர் இருக்கும், டிங்கர் பேர் இருக்காது. அதே கதைதான்.

இன்னிக்கு என்ன வழி?

சரி, இப்போ கேக்கற உங்களுக்கு வர்றேன். யூட்யூப்ல பார்த்துட்டு, பழைய கார் ஒண்ணு வாங்கி மேல அறுத்து, எஞ்சின் மாத்தி, கொல்லிமலை ஏத்தலாம்னு யோசனை இருந்தா, சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்குங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, தயாரிப்பாளர் முதல்ல குறிப்பிட்ட விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் இதை உறுதி பண்ணுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதி இல்லாம மாத்தினா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ரெண்டும்.

கோவம் வரும். எனக்கும் வரும். ஆனா அந்த 70 வளைவை மறுபடி நினைச்சுப் பாருங்க. நீங்க இறங்கிட்டு இருக்கீங்க, எதிர்ல அரசு பஸ் முழுக்க ஜனம், மிளகு மூட்டை, பலாப்பழம். நீங்க கட்டின பிரேக் 43வது வளைவுல விட்டுடுச்சுன்னா, அந்த பஸ்ல இருக்கறவங்க உங்க பரிசோதனைக்குக் கையெழுத்துப் போட்டவங்க இல்ல. ரோடு எல்லாருக்கும் சொந்தம்ங்கறதுதான் அந்தச் சட்டத்துல இருக்கற நியாயம். அதோட குறை என்னன்னா, கட்டத் தெரிஞ்சவன் வந்து "என் வண்டியைப் பரிசோதிச்சுப் பாருங்க"ன்னு கேக்க ஒரு கதவு வைக்கல. பிரிட்டன்ல ஒத்தையா வீட்டுல கட்டின காரைக் கொண்டு போய்ப் பரிசோதனையில தேறினா நம்பர் கொடுக்கறாங்க. லாரி பாடிக்கு நம்மகிட்டயே ஒரு முறை இருக்கு. காருக்கும் அப்படி ஒண்ணைக் கேக்கறது பேராசை இல்லன்னு நினைக்கறேன்.

அது வர்ற வரைக்கும் திறந்திருக்கற கதவு ரேஸ் தடம்தான். கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல 2000களின் தொடக்கத்துல ஒரு தடம் வந்துச்சு. பேர் கரி மோட்டார் ஸ்பீட்வே. அங்க 'ஃபார்முலா பாரத்'னு ஒரு போட்டி நடக்குது. நாடு முழுக்க இருந்து இன்ஜினீயரிங் மாணவர்கள் தாங்களே வரைஞ்சு, தாங்களே கட்டின ஒற்றை இருக்கை காரோட வருவாங்க. சிலது பெட்ரோல், சிலது பேட்டரி.

ஓட்டறதுக்கு முன்னாடி பரிசோதனை. காரை 60 டிகிரி சாய்ப்பாங்க. எண்ணெய் ஒழுகக் கூடாது, சக்கரம் தூக்கக் கூடாது. ஓட்டறவர் பெல்ட் போட்டு உக்காந்த நிலையில இருந்து அஞ்சு நொடிக்குள்ள வெளியே வரணும். ஒரே மிதியில நாலு சக்கரமும் நிக்கணும். இதுல பாதி ராத்திரி வரைக்கும் வெல்டிங் அடிச்சுட்டு, காலையில தேறாம திரும்பிப் போற அணிகளும் உண்டு. தேறினவங்க காருக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவாங்க. வீட்டுல கட்டின காரைப் பார்த்து "சரி, நீ ஓடலாம்"னு ஒருத்தர் சொல்ற அந்த ஒரு ஸ்டிக்கர், 1952ல நாயுடு காருக்குக் கிடைக்கல.

உங்க காலேஜ்ல அப்படி ஒரு அணி இருந்தா, இந்த வாரம் அவங்க ஷெட்டுப் பக்கம் ஒரு எட்டுப் போய்ப் பாருங்க. அணி இல்லைன்னா, நாமக்கல் வழியா கொல்லிமலை போறப்போ அரைமணி நேரம் ஒதுக்கி ஒரு பாடி கட்டற பட்டறையில நில்லுங்க. டிங்கர்கிட்ட பேர் கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.